லப்டொப் திரை கறுத்தாலோ மினுங்கினாலோ: கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

லப்டொப்பைத் திறந்தால் திரை ஒரே கறுப்பு. அல்லது வெளிச்சம் துடிக்கிறது, கோடு கோடாக ஓடுகிறது. கொழும்பில் இருப்பவர்கள் பலரும் அடுத்த வேலையாக அதைப் பையில் போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு ஓட்டோ பிடிப்பார்கள். மாடிக்கு மாடி கணினிக் கடைகள் இருக்கிற இடம், போவதில் பிழையில்லை. ஆனால் கவுண்டரில் வைத்து "டிஸ்ப்ளே வருதில்லை" என்று மட்டும் சொன்னால், "டிஸ்ப்ளே மாத்த வேணும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். திரைப் பலகையோ அந்த இயந்திரத்தில் விலை கூடிய சாமான்களில் ஒன்று. உண்மையில் பழுதானது ஒரு கேபிளாக இருக்கலாம், சரியாக உட்காராத ரேமாக (தற்காலிக நினைவகம்) இருக்கலாம், போன கிழமை தானாக ஏறிய ஒரு டிரைவராகவும் (திரை போன்ற பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்) இருக்கலாம்.

எந்த இடத்தில் பழுது என்பதை ஒரு திருகாணிகூடக் கழற்றாமல் ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம். கையில் வேண்டியவை மூன்றுதான்: போனில் இருக்கிற டோர்ச், வீட்டு டிவி, ஒரு எச்டிஎம்ஐ கேபிள். கேபிள் இல்லாவிட்டால் பக்கத்து ஃபிளாட்டில் கேளுங்கள். டயலொக் பெட்டியோ பியோ டிவி பெட்டியோ இருக்கிற வீட்டில் ஒன்று கட்டாயம் கிடக்கும்.

படம் எந்த வழியாக வருகிறது என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் உள்ள கிராஃபிக்ஸ் சிப் படத்தை உருவாக்குகிறது. கீல் வழியாக நுழைந்து மேலே ஏறும் மெல்லிய கேபிள் ஒன்று அதைத் திரைப் பலகைக்குக் கொண்டுபோகிறது. பலகை படத்தை வரைகிறது. பலகைக்குப் பின்னால் வரிசையாக உள்ள எல்ஈடி விளக்குகள் அந்தப் படத்துக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. சிப், கேபிள், பலகை, பின்விளக்கு என்று நான்கு இடங்கள். இனிச் செய்யப்போகிற ஒவ்வொரு சோதனையும் இவற்றில் ஒன்றிரண்டைச் சந்தேகப் பட்டியலில் இருந்து கழிப்பதற்குத்தான்.

இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறதா?

திரை கறுப்பாக இருக்கிறது என்பதும் லப்டொப் வேலை செய்யவில்லை என்பதும் ஒன்றல்ல. பவர் பட்டனை அழுத்திவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். விசிறிச் சத்தம் கேட்கிறதா? பவர் விளக்கு எரிகிறதா? ஒரு நிமிடம் பொறுத்துக் கேப்ஸ் லொக் கீயை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே இயந்திரம் விழித்திருக்கிறது, படம் மட்டும்தான் உங்களிடம் வந்து சேரவில்லை. விண்டோஸ் திறக்கும் சத்தமோ வட்ஸ்அப் செய்தி வரும் சத்தமோ கேட்டால் இன்னும் நல்லது.

விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் அது திரைப் பழுதே அல்ல, மின்சாரம் தொடர்பானது. சார்ஜரை வேறு பிளக் பொயின்டில் கொழுவிப் பாருங்கள். அதே வோல்டேஜ் உள்ள இன்னொரு சார்ஜர் கிடைத்தால் அதையும் பாருங்கள். வோல்டேஜ் சார்ஜரின் அடியில் 19 அல்லது 19.5 அல்லது 20 என்று அச்சிட்டிருக்கும். அதையும் முனையின் அளவையும் பார்க்காமல் கிடைத்ததைக் கொழுவ வேண்டாம்.

உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் சுகமானவற்றை முதலில் முடித்துவிடுவோம். வெளிச்சத்தைக் கூட்டும் கீயைச் சில தடவை அழுத்துங்கள். சிரிக்க வேண்டாம், வெளிச்சம் அடிமட்டத்துக்குக் குறைந்து கிடந்து, வெயில் விழும் மேசையில் திரை செத்துப்போனது போலத் தெரிவது அடிக்கடி நடக்கிற விஷயம். அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் திரும்பத் தொடக்கிவிடும். திரை ஒரு கணம் துடிக்கும், சிலவற்றில் "பீப்" என்றொரு சத்தமும் வரும். திறந்து வைத்திருந்த வேலை எதுவும் அழியாது. லப்டொப்பைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்ப எழுப்பும்போது திரை கறுப்பாகவே நின்றால், முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? அப்படியென்றால் திரை, கேபிள், விளக்கு மூன்றும் நல்லாக இருக்கின்றன. பிழை விண்டோஸில். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரை வரவழையுங்கள். புதிய டாஸ்க்கைத் தொடங்கும் இடத்தில் எக்ஸ்புளோரர் (explorer) என்பதை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். டெஸ்க்டொப் திரும்பி வந்துவிட்டால், அண்மையில் ஏற்றிய மென்பொருளையோ அப்டேட்டையோ சந்தேகப்படுங்கள்.

டிவியும் டோர்ச்சும்

முழுக் கட்டுரையையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது செய்து பாருங்கள். பாதிக் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும்.

லப்டொப்பை டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து, டிவியில் அந்த உள்ளீட்டைத் தெரிவுசெய்யுங்கள். பின்னர் லப்டொப்பைப் போட்டு விண்டோஸ் முழுதாக ஏறும்வரை பொறுங்கள். படம் வராவிட்டால் விண்டோஸ் கீயையும் பி (P) கீயையும் அழுத்தி, சில விநாடி கழித்துக் கீழ் அம்புக் கீயை ஒரு தடவை தட்டி என்டர் அடியுங்கள். அதற்கும் வராவிட்டால் இரண்டு தடவை தட்டிப் பாருங்கள். புதிய லப்டொப்புகள் சிலவற்றில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கும். அதிலும் எல்லாத் துளையும் படம் அனுப்பாது, சில சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டுமே. ஆகவே அங்கே படம் வராததை வைத்து அவசர முடிவு எடுக்க வேண்டாம்.

டிவியில் படம் தெளிவாக வந்தால் சிப்பும் ரேமும் மதர்போர்டின் பெரும்பகுதியும் பட்டியலில் இருந்து நீங்கிவிட்டன. மீதி கேபிள், பலகை, பின்விளக்கு. அப்புறம், டிவியில் படம் இருக்கும்போதே முக்கியமான கோப்புகளை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். திருத்தும்போது எதுவும் நடக்கலாம். அதோடு லப்டொப் சில நாள் கடையில் கிடக்கப் போகிறது.

டிவியிலும் அதே கோடுகள், அதே மினுங்கல், அதே உடைந்த நிறங்கள் என்றால் பலகையை மாற்றி ஒரு பயனும் இல்லை. பிழை கிராஃபிக்ஸ் சிப்பில் அல்லது டிரைவரில்.

அடுத்தது டோர்ச். அறை விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். லப்டொப்பைப் போட்டு விண்டோஸ் ஏறும் நேரம் கொடுங்கள். போன் டோர்ச்சைத் திரைக்கு மிகக் கிட்டப் பிடித்து, நேராக அல்லாமல் சரிவாக அடித்தபடி மெல்ல நகர்த்துங்கள். கறுப்புக்குள் மங்கலாகப் படம் தெரிகிறதா? கடிகார எழுத்து, ஐகன்களின் விளிம்பு ஏதாவது? தெரிந்தால் படம் பலகைவரை வந்துவிட்டது, வெளிச்சம் மட்டும்தான் இல்லை. பின்விளக்கின் எல்ஈடி வரிசை போயிருக்கலாம், கேபிளில் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பி அறுந்திருக்கலாம், மதர்போர்டில் அந்த மின்சாரத்தைக் காக்கும் மிகச் சிறிய ஃபியூஸ் எரிந்திருக்கலாம். ஃபியூஸ்தான் காரணம் என்றால், பலகையை மாற்றினாலும் திரை இருட்டாகவே கிடக்கும். பின்விளக்குப் போன லப்டொப்பைக் கடையில் காட்டும்போது "டோர்ச் அடித்தால் படம் தெரிகிறது" என்ற ஒரு வசனம் போதும், பேச்சின் தோரணையே மாறிவிடும். ஓஎல்ஈடி திரைகளுக்குப் பின்விளக்கே கிடையாது, எனவே இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. திரையின் அடிப்பக்கத்தில் மேடை விளக்குப் போல வெளிச்சத் திட்டுகள் வந்து, மூடியை ஓர் அளவுக்கு மேல் திறந்ததும் முழுதாக அணைந்துபோவது 2016இல் வந்த மேக்புக் ப்ரோக்களில் பெயர்பெற்ற பழுது. அதன் காரணம் கீலில் மடிந்து மடிந்து தேயும் கேபிள். 13 அங்குல மாடலுக்காக ஆப்பிள் 2019இல் ஒரு திருத்தத் திட்டமே அறிவித்தது.

டிவியிலும் எதுவும் வராவிட்டால்

விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் எந்தத் திரையிலும் ஒன்றுமில்லை. இந்த நிலைக்கு நான் முதலில் சொல்வது மிச்ச மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். பென் டிரைவ், மவுஸ், மெமரி கார்ட் எதுவும் செருகியிருக்கக் கூடாது. பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் கொழுவிப் போடுங்கள். லெனோவோவின் பல திங்க்பேட் லப்டொப்புகளில் அடிப்பக்கத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேப்பர் கிளிப்பின் முனையால் அதை அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் அதே பலன்.

இதற்கு அசையாவிட்டால் ரேமைப் பார்க்க வேண்டும். அடிமூடியில் ரேமுக்கென்று சிறு கதவு உள்ள பழைய மாடல் என்றால் நீங்களே செய்யலாம். பற்றரியை எடுத்தபின் ரேமைக் கழற்றி, அதன் பொன்நிற முனைகளை மென்மையான அழிறப்பரால் லேசாகத் துடைத்து, கிளிக் என்று பொருந்தும்வரை திரும்பச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முழு அடிமூடியையும் கழற்ற வேண்டிய மாடல் என்றால், இதுவரை ஒரு லப்டொப்பும் கழற்றாதவர் தன் ஒரே லப்டொப்பில் பழகத் தொடங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். இன்னொன்று: டிடிஆர்5 ரேம் உள்ள புதிய லப்டொப்புகளில், ரேமை மாற்றிய பின் முதல் தடவை போடும்போது சில நிமிடம்வரை திரை கறுப்பாகவே நிற்கலாம். இயந்திரம் ரேமைப் பழக்கிக்கொள்கிற நேரம் அது. பதறி அணைத்துவிடாதீர்கள்.

கேப்ஸ் லொக் விளக்கோ பவர் விளக்கோ ஓர் ஒழுங்கில் விட்டு விட்டு எரிந்தால் அதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை தடவை ஒரு நிறம், பிறகு இத்தனை தடவை இன்னொரு நிறம் என்று வரும். எச்பி, டெல் இரண்டும் ரேம் பிழை, மதர்போர்டு பிழை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. மாடல் பெயரோடு சேர்த்து இணையத்தில் தேடினால் அர்த்தம் கிடைக்கும். போனில் வீடியோ எடுத்து வைத்தால் கடையில் காட்டலாம். டெல் லப்டொப் என்றால் இன்னுமொரு வசதி: டி (D) கீயை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்துங்கள். விண்டோஸின் உதவியே இல்லாமல், திரை தன் பாட்டில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் பலகையில் குறையில்லை.

மினுங்கும் திரை

கறுப்புத் திரையைவிட மினுங்கும் திரை ஆளை அலைக்கழிக்கும். காலையில் வரும், கடைக்குக் கொண்டுபோனால் வராது. அதனால் மினுங்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பிறகு கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி அதைத் திறந்து கவனியுங்கள். மற்றதெல்லாம் துடிக்கும்போது டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகவில்லை. அதுவும் சேர்ந்து துடித்தால் பெரும்பாலும் டிஸ்ப்ளே டிரைவர். மைக்ரோசொஃப்ட் தானே பரிந்துரைக்கும் சோதனை இது, ஒரு நிமிடம்கூட எடுக்காது. யூடியூப் பார்க்கும்போது மட்டும் மினுங்குகிறது என்றால் பிரவுசரின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், கிராஃபிக்ஸ் வேகப்படுத்தலை நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷொட். திரையில் கோடோ நிறக் கலங்கலோ இருக்கும்போது ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புங்கள். போனில் பார்க்கும்போது அந்தக் கோடுகள் இல்லையென்றால், படம் உருவாகும்போது நல்லாகத்தான் இருந்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் கெடுகிறது. அதாவது கேபிள் அல்லது பலகை. ஸ்கிரீன்ஷொட்டிலேயே கோடுகள் இருந்தால் சிப் அல்லது டிரைவர். டிவிகூட இல்லாத போர்டிங் அறையில் இருக்கிற மாணவர்களுக்கு இதைவிடச் சுகமான சோதனை எனக்குத் தெரியாது.

மூன்றாவது, பயோஸ், அதாவது விண்டோஸ் ஏறுமுன் வரும் அடிப்படை அமைப்புத் திரை. லப்டொப்பைப் போட்டவுடன் டெல், ஏசர், ஆசஸ் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 அல்லது எஃப்2 கீயைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பயோஸ் திரை வரும். அங்கே எதையும் மாற்றாமல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். விண்டோஸும் டிரைவரும் அந்த இடத்தில் இல்லை. அங்கேயும் மினுங்கினால் வன்பொருள். அங்கே அமைதியாக இருந்து விண்டோஸில் மட்டும் மினுங்கினால், காசு செலவழிக்க இன்னும் நேரம் வரவில்லை.

டிரைவர்தான் என்று முடிவுக்கு வந்தால்: டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்து, உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரை வலது கிளிக் செய்து, ப்ரொப்பர்டீஸுக்குள் டிரைவர் பக்கத்தைப் பாருங்கள். அண்மையில்தான் மினுங்கத் தொடங்கியது என்றால் ரோல் பேக் பட்டன் வேலைசெய்யும், பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். பட்டன் மங்கிக் கிடந்தால் லப்டொப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவரை இறக்கி ஏற்றுங்கள். எல்லா டிரைவரையும் ஒரேயடியாகப் புதுப்பித்துத் தருவோம் என்று சொல்லும் இலவச மென்பொருள்களை நான் கிட்டவும் சேர்ப்பதில்லை.

டிஸ்ப்ளே செட்டிங்ஸின் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே பக்கத்தில் புதுப்பிப்பு வேகத்தையும், அதாவது திரை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை படத்தைத் திரும்ப வரைகிறது என்பதையும் பாருங்கள். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரையில் மினுங்கல் வந்தால் 60க்குக் குறைத்துப் பாருங்கள். பற்றரியில் ஓடும்போது மட்டும், வெள்ளைப் பக்கம் திறந்தால் ஒரு மாதிரியும் கறுப்புப் பக்கம் திறந்தால் இன்னொரு மாதிரியும் வெளிச்சம் ஏறி இறங்கினால், அது பழுதே அல்ல. பற்றரியைச் சேமிக்க விண்டோஸோ இன்டெல் கிராஃபிக்ஸ் மென்பொருளோ படத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றுகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த வசதியை அணைத்துவிடலாம்.

திரை துடிப்பதால் விண்டோஸுக்குள் எதையுமே செய்ய முடியவில்லை என்றால், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஏறும் சேஃப் மோடுக்குப் போய் மேலே சொன்ன டிரைவர் வேலையைச் செய்யுங்கள். விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் அடுத்த தடவை திருத்தும் பக்கம் தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அழுத்துங்கள். அந்த இடத்தில் பிட்லொக்கர் (கோப்புகளைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் போன் மூலம் நுழைந்தால் அது பெரும்பாலும் அங்கே இருக்கும். வேலைசெய்யும் இடத்து லப்டொப் என்றால் ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

மூடியை அசைத்துப் பாருங்கள்

பயோஸிலும் மினுங்குகிறது, டிவியில் படம் சரியாக இருக்கிறது. அப்படியானால் கேபிளா பலகையா என்பதுதான் மிச்சம். திரையை மிக மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால், நிறம் மாறினால், கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது கீலுக்குள் மடிகிறது. இறுகிப்போன கீல், மூலையைப் பிடித்து இழுத்துத் திறக்கும் பழக்கம், திரையைப் பிடித்தே லப்டொப்பைத் தூக்குவது எல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். கேபிள் பலகையைவிட மிக மலிவு. சில நேரம் அறுந்திருக்கவும் மாட்டாது, இணைப்பில் இருந்து சற்றுக் கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கோணத்திலும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் நிலைக்குத்துக் கோடு, மூலையில் மை கொட்டியது போன்ற கறுப்புத் திட்டு, கண்ணாடிக்குள் சிலந்திவலை வெடிப்பு: இவை பலகைதான். தட்டியும் அழுத்தியும் பார்த்து மிச்சத்தையும் கெடுக்க வேண்டாம்.

மூடி பற்றிய இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூடி மூடப்பட்டதா என்பதை லப்டொப் ஒரு காந்தத்தை வைத்துத்தான் அறிகிறது. திரைச் சட்டத்தில் காந்தம், கீபோர்டுப் பக்கத்தில் அதை உணரும் சிறு சென்சர். காந்தப் பூட்டுள்ள போன் கவரையோ காந்தப் பட்டியுள்ள கைக்கடிகாரத்தையோ அந்த இடத்தில் வைத்தால், மூடி மூடிவிட்டது என்று நினைத்துத் திரை அணைந்துவிடும். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திடீர் திடீரென்று திரை கறுத்தால் முதலில் மேசையில் இருந்து போனை எடுத்துப் பாருங்கள்.

நம் ஊர்க் காரணங்கள் சில

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத சில காரணங்கள் கொழும்பில் உண்டு. முதலாவது பிளக். பழைய வீடுகளில் வட்ட முனைப் பொயின்ட், புதிய சார்ஜருக்குச் சதுர முனை, நடுவே ஒரு மல்டி பிளக். அது தளர்ந்து ஆடும். லப்டொப் சார்ஜரில் இருக்கும்போது ஒரு வெளிச்சமும் பற்றரியில் வேறு வெளிச்சமும் வைத்திருக்கலாம் என்பதால், பிளக் ஆடும் ஒவ்வொரு தடவையும் திரை மங்கிக் கூடும். பார்ப்பவருக்கு அது மினுங்கல். மினுங்கும்போது பற்றரி ஐகனைக் கவனியுங்கள். பிளக் குறியும் சேர்ந்து வந்து வந்து போனால் குற்றவாளி சுவரில் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தாலே போதும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் பல வீடுகள் சிறிய இன்வேர்ட்டர் வாங்கி வைத்தன. லப்டொப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், நமது 230 வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்குவது அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் மலிவான இன்வேர்ட்டர்கள் தரும் கரடுமுரடான மின்சாரத்தில் சில சார்ஜர்கள் இரையும், டச்பேடும் துள்ளும். சுவர்ப் பொயின்டில் நல்லாக இருந்து இன்வேர்ட்டரில் மட்டும் சிக்கல் என்றால் லப்டொப்பைத் திருத்தக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஈரம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கம் பார்த்த ஃபிளாட்களில் யன்னல் கம்பி எவ்வளவு கெதியாகத் துருப்பிடிக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே உப்புக் காற்றுத்தான் லப்டொப்பின் விசிறி வழியாகவும் உள்ளே போகிறது. கேபிள் இணைப்புகளில் பச்சை படிந்தால் படம் விட்டு விட்டு வரும். கடல் பார்த்த யன்னலோரம் மேசையைப் போடாமல் இருப்பது நல்லது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் பஸ்ஸில் நனைந்த பையோடு வந்திருந்தால், லப்டொப்பை எடுத்தவுடன் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே நீர் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் சார்ஜரைக் கொழுவாமல், அணைத்த நிலையிலேயே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசிப் பைக்குள் புதைப்பதால் இணைப்புகளில் காய்ந்துபோன அழுக்கு நீங்காது. தேநீர் கொட்டினாலும் இதேதான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், வேலை செய்கிறதா என்று ஆசைப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது

வொறண்டி முடியவில்லை என்றால் வேறு எங்கும் திறக்கக் கொடுக்காமல் வாங்கிய இடத்துக்கே போங்கள். வெடித்த திரைக்கும் தண்ணீர் போனதற்கும் பொதுவாக வொறண்டி உதவாது. மற்றவற்றுக்கு யுனிட்டி பிளாசாவிலோ காலி வீதியில் உள்ள மற்றத் திருத்தும் கடைகளிலோ இரண்டு இடத்திலாவது விலை கேளுங்கள்.

போகுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்: மாடல் இலக்கம், எப்போது தொடங்கியது, டிவியில் படம் வருகிறதா, டோர்ச்சில் தெரிகிறதா, பயோஸில் மினுங்குகிறதா, மூடியைச் சாய்த்தால் மாறுகிறதா. பல கடைகளில் தமிழில் கதைக்கலாம். இல்லாவிட்டாலும் "டிஸ்ப்ளே எக்க என்னே நே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வீடியோவைக் காட்டினால் மிச்சம் அவர்களுக்கே விளங்கும். நான் பார்த்த அளவில், சோதித்துவிட்டு வந்தவரோடு திருத்துகிறவர்கள் வேறு மாதிரித்தான் கதைப்பார்கள். கேபிளைச் சரிபார்த்தீர்களா, வேறொரு பலகையைக் கொழுவிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நல்ல கடையில் கோபிக்க மாட்டார்கள். சிப்பைச் சூடாக்கித் திரும்ப ஒட்டித் தருகிறோம் என்றால் மட்டும் யோசியுங்கள். அந்த வேலை பெரும்பாலும் நீண்ட நாள் நிற்காது. பழைய லப்டொப்பில் அந்தக் காசைப் போடுவதைவிடக் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறொன்று பார்ப்பது மேல்.

பலகையை மாற்றுவதாக முடிவானால் பழைய பலகையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 156 என்று இருந்தால் 15.6 அங்குலம், 140 என்றால் 14 அங்குலம். கேபிள் இணைப்பு 30 முனையா 40 முனையா, தெளிவு 1366×768ஆ 1920×1080ஆ, 60 ஹெர்ட்ஸா 144ஆ, மேற்பரப்பு பளபளப்பானதா பளபளப்பில்லாததா என்பதெல்லாம் பொருந்த வேண்டும். தெளிவு கூடிய பலகை போட்டுத் தருகிறோம் என்று சொன்னால், இருக்கிற கேபிள் அதற்குச் சரிவருமா என்று கேளுங்கள். சரிவராவிட்டால் கேபிளுக்கும் சேர்த்துச் செலவாகும்.

நீங்களே மாற்றத் துணிந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மதர்போர்டில் பற்றரியின் இணைப்பைக் கழற்றும்வரை திரைக் கேபிளைத் தொடக் கூடாது. பற்றரி இணைந்திருக்கும்போது கேபிளைக் கோணலாகச் செருகினால், முன்பு சொன்ன அந்தச் சிறு ஃபியூஸ் போய்விடும். புதிய பலகை நல்லதாக இருந்தும் இருட்டாகவே கிடக்கும்.

லப்டொப்பைக் கையளிக்கும்போது சீரியல் இலக்கம், சார்ஜரையும் கொடுத்தீர்களா என்பது, பேசிய விலை எல்லாம் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். திரை மாற்றுவதற்கு உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்ட் தேவையில்லை, லொகின் திரை வந்தாலே சோதிக்கலாம். திரும்ப எடுக்கும்போது கவுண்டரிலேயே போட்டு, முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து புள்ளிகள் இறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியைப் பல தடவை திறந்து மூடுங்கள். கமராவும் மைக்கும் திரைச் சட்டத்துக்குள்தான் இருக்கின்றன, அவற்றையும் சோதியுங்கள், பூட்டும்போது அவற்றின் கம்பி விட்டுப்போவது உண்டு. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். புதிய பலகைக்கு எத்தனை மாத வொறண்டி என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுத்தாலோ, எழுதிக் கொடுத்த வொறண்டியைப் பிறகு ஏற்காவிட்டாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பில்லும் நீங்கள் எடுத்த வீடியோவும் அப்போது கையில் இருக்கட்டும்.